வீட்டில் ஒருவரின் மச்சத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றால்: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

மச்சம் இருப்பவர் வழக்கம்போல அடுப்படியிலோ தோட்டத்திலோ வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தூக்கம் போவது மகளுக்கு, மருமகளுக்கு, கணவனுக்கு. "இதைத் தோல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்" என்று தோட்ட மருந்தகத்து நர்ஸ் சொல்லும் ஒரு வரி போதும். அன்று இரவிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் கறுப்புப் புள்ளிதான் நிற்கும். மலையில் இருப்பவர்களுக்கு அதோடு வேறு கவலைகளும் சேர்ந்துகொள்ளும். கீழே இறங்க வேண்டியிருக்குமா? எத்தனை நாள் கூலி போகும்? மழையில் பாதை திறந்திருக்குமா?

என் மாமியாருக்கு உள்ளங்காலில் ஒரு புள்ளி இருந்தது. அவருடன் போய்வந்ததிலும், பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்குத் துணைபோனதிலும் தெரிந்துகொண்டவற்றை, முதல்முறையாக இந்த நிலையில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, உடன் போகிறவள். "ஒன்றும் இருக்காது, விடு" என்ற ஆறுதலால் இந்தக் கவலை அடங்கி நான் பார்த்ததில்லை. அடுத்து செய்ய வேண்டிய வேலை என்ன என்று தெரியும்போதுதான் அடங்குகிறது. அதனால் வேலைகளை வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான மச்சங்கள் எந்தக் கெடுதலும் செய்யாதவை. வயதானவர்களின் முதுகிலும் நெற்றியோரத்திலும் மெழுகை ஒட்டிவைத்ததுபோல வரும் பழுப்புத் தடிப்புகளும், கன்னங்களில் குடும்பவாகாக வரும் சின்னச் சின்னக் கறுப்பு மணிகளும், கழுத்தில் தொங்கும் மருக்களும் புற்றுநோய் அல்ல. மருத்துவர் பரிசோதிக்கச் சொல்வது மெலனோமா என்ற நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான். தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய் அது. வெள்ளைத் தோல் உள்ளவர்களைவிட நம்மிடையே அது மிகவும் அரிது.

ஆனால் நம்மவர்களுக்கு அது வரும்போது பெரும்பாலும் முகத்திலோ முதுகிலோ வருவதில்லை. உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்துக்கு அடியில் வருகிறது. இந்த வகைக்கும் வெயிலுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரலில் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். இங்கே ரப்பர் பூட்ஸுக்குள்ளும் சாக்ஸுக்குள்ளும் நாள் முழுக்கக் கால் மறைந்துகிடக்கிறது. யாரும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆகவே தாமதமாகத் தெரிகிறது. தோலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை மட்டுமே போதும். பரிசோதிக்கச் சொன்னார்கள் என்றால் நோய் என்று சொல்லிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இதை உங்களுக்கு நீங்களே பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒருமுறை, ஒழுங்காகப் பாருங்கள்

பதற்றத்தில் ஒரு நாளைக்கு பத்துத் தடவை பார்ப்பதைவிட ஒரே ஒரு தடவை முறையாகப் பார்ப்பது மேல். மூடுபனி விலகிய பிறகு, முற்பகல் வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் உட்காரவைத்துப் பாருங்கள். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா மச்சமும் பயங்கரமாகத்தான் தெரியும்.

கொழுந்து பறிக்கிறவர்கள் வீட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தேயிலைச் சாறு விரல் இடுக்கிலும் நக ஓரத்திலும் படிந்து கறுத்துப்போயிருக்கும். குதிகால் பித்தவெடிப்பில் மண் ஏறிக் கறுப்புக் கோடாக நிற்கும். முதலில் கால்களை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவையுங்கள். சோப்புப் போட்டு, மென்மையான துணியால் துடையுங்கள். கைக்கு எலுமிச்சம்பழத் தோலும் உதவும். என் மாமியாரின் காலில் நாங்கள் முதலில் மூன்று புள்ளிகள் பார்த்தோம். கழுவித் துடைத்த பிறகு இரண்டு மண்ணோடு போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது: குதிகாலுக்குச் சற்று முன்னால், ஒரு ஓரம் கறுப்பாகவும் மறு ஓரம் தேநீர் நிறத்திலும், தோலின் ரேகைகளைக் கடந்து பரவியபடி.

பார்க்க வேண்டியவை ஐந்து. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியைப் போல இருக்கிறதா; ஓரம் சீராக இருக்கிறதா, பிசிறடித்திருக்கிறதா; ஒரே நிறமா, பல நிறங்களா; அகலம் ஆறு மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா; கடைசியாக, மாறிக்கொண்டிருக்கிறதா. இந்த ஐந்தாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பல வருடமாக அப்படியே இருக்கும் பெரிய மச்சத்தைவிட, சில மாதங்களில் வளர்ந்த சிறியது அவசரமானது. ரத்தம் கசிவது, ஆறாமல் புண்ணாவது, கெட்டியாக மேலெழும்புவது ஆகியவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். மெலனோமா எப்போதும் கறுப்பாக இருப்பதில்லை. சில நேரம் இளஞ்சிவப்புக் கட்டியாகவும் வரும்.

நகத்தில் கோடு என்றால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். நம் தோல் நிறத்துக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாகத் தோன்றி, அகலமாகி, நகத்தின் அடிச்சதைக்கும் அந்தக் கறுப்பு பரவினால் உடனே காட்ட வேண்டும். கதவில் நசுங்கியோ விறகு விழுந்தோ வந்த ரத்தக்கட்டு நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். கால்நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். அதனால் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நகராமல் நிற்கிறது என்றால் அடிபட்டது என்று நீங்களாகவே சொல்லிக்கொண்டு காலம் கடத்தவும் வேண்டாம்.

பார்த்ததும் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து, தேதியை எழுதிவையுங்கள். நாணயத்தைவிட ஸ்கேல் நல்லது. மருத்துவருக்கு மில்லிமீட்டர்தான் வேண்டும்.

"இது எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று மருத்துவர் கட்டாயம் கேட்பார். யாருக்கும் நினைவிருக்காது. பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழையும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழையும் தேடி எடுங்கள். அங்க அடையாளம் என்ற இடத்தில் "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று தலைமையாசிரியர் கைப்பட எழுதியிருந்தால், அது பதினைந்து வயதிலேயே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கல்யாண ஆல்பமும் முகம், கழுத்து, கை மச்சங்களுக்கு உதவும்.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணிக்கொரு தரம் "காட்டு, காட்டு" என்று கேட்டால் அவருக்கும் பயம் தொற்றிக்கொள்ளும்.

கைவைத்தியம் வேண்டாம்

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துத் தடவுவது, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, ஊதுவத்தியால் சுடுவது, அழகு நிலையத்தில் கருக்கிவிடுவது எதுவும் கூடாது. மேலே இருப்பது எரிந்துபோகும். அடியில் இருப்பது அப்படியே இருக்கும். ஆய்வகத்தில் பார்ப்பதற்கு மிஞ்சுவது வடுவும் சிதைந்த தோலும்தான். அப்போது எவ்வளவு நல்ல மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மச்சத்தை யார் எடுத்தாலும், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாத இடத்தில் எடுக்காதீர்கள்.

வரமாட்டேன் என்பவரிடம்

மச்சம் என்றால் அதிர்ஷ்டம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். "எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருக்கிறது" என்பார்கள். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பார்கள். இந்த இரண்டாவது பயத்தைக் கேலி செய்யாதீர்கள். ஊரில் யாரோ ஒருவர் ஆபரேஷன் ஆகிச் சில மாதத்தில் இறந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். அவருக்கு நோய் முற்றிய பிறகு கத்தி வைத்தார்கள். கத்தியால் நோய் பரவவில்லை. சந்தேகமான மச்சத்தைச் சோதனைக்காக எடுப்பதால் அது பரவுவதில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

புற்றுநோய் என்ற சொல்லை எடுத்து அவர் தலையில் போட வேண்டியதில்லை. பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. "அத்தை, டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போட்டுக் கொஞ்சம் எடுப்பார். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் வந்தால் எனக்குத் தூக்கம் வரும்" என்று நான் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவர் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பெரியவர்கள் தங்களுக்காக வரமாட்டார்கள். பிள்ளைகளின் நிம்மதிக்காக வருவார்கள். அப்பாக்களிடமும் இது பலிக்கும்.

எங்கே போவது, எப்படிப் போவது

தோட்டத்தில் மருந்தகம் இருந்தால் அங்கே தொடங்குங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையம். குன்னூர் லாலி மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றிலும் முதலில் காட்டிப் பரிந்துரைச் சீட்டு வாங்கலாம். ஊட்டியில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருப்பதால், எடுத்ததும் கோவைக்கு ஓட வேண்டிய நிலை இப்போது இல்லை. தோல் சிகிச்சைக்கான புறநோயாளிகள் பிரிவு எந்தக் கிழமைகளில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுப் போங்கள். 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவத் தகவல் சேவையிடம் கேட்கலாம். மேல்சிகிச்சை வேண்டுமென்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

ரத்தம் கசிகிறது, வேகமாக வளர்கிறது என்றால் ஓரிரு வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். கொழுந்து சீசன் முடியட்டும், போனஸ் வரட்டும், திருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அதேசமயம் நள்ளிரவில் வண்டி பிடித்துப் போகும் அவசரமும் இதில் கிடையாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரியும், மரம் விழும். கோவையில் காலை பத்து மணிக்குப் பார்க்கச் சொல்லியிருந்தால், முடிந்தவரை முந்தின நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்குங்கள். குன்னூர் பாதை அடைபட்டால் கோத்தகிரிப் பாதை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பவர் என்றால் வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள். இட்லி இரண்டு போதும்.

பணத்தைப் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உண்டு. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தில் பதியுங்கள். நோய் உறுதியான பிறகு இதற்கு அலைவது கொடுமை. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே முடித்துவிட்டால் கவலைக்கும் ஒரு வேலை கொடுத்ததாக இருக்கும்.

காட்டப்போகும் நாள்

மருதாணி, நகப்பூச்சு வேண்டாம். நகமும் உள்ளங்கையும் உள்ளபடி தெரிய வேண்டும். முகத்தில் மஞ்சள் பூசாமல் வரச்சொல்லுங்கள். கால் விரலுக்கு அருகில் புள்ளி இருந்தால் மெட்டியைக் கழற்றி வைக்கலாமா என்று முன்னதாகவே கேளுங்கள். சில பெண்களுக்கு அதற்கு மனதளவில் தயாராக நேரம் வேண்டும். ஸ்வெட்டர், சால்வை, சாக்ஸ் எல்லாம் சுலபமாகக் கழற்றும்படி இருக்கட்டும்.

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எப்போதிலிருந்து இருக்கிறது, என்ன மாறியது, சர்க்கரை நோய் உண்டா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிட்டால் தவறாமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பெரியவர்கள் வெட்கப்பட்டு விட்டுவிடும் விஷயம் இது.

மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற கைக்கருவியைத் தோலில் வைத்துப் பார்ப்பார். வலிக்காது. பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்பலாம்; "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லலாம்; "எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்றும் சொல்லலாம். மூன்று மாதம் என்றால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, மாதம் ஒரு போட்டோ மட்டும் எடுங்கள்.

எடுத்துப் பார்ப்பது

மரத்துப்போகும் ஊசி போடும்போது கொஞ்சம் எரியும். உள்ளங்காலில் நன்றாகவே வலிக்கும். பிறகு வலி தெரியாது. சின்ன மச்சத்தை முழுதாக எடுத்துத் தையல் போடுவார்கள். பெரியதாக இருந்தால் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதுண்டு.

எடுத்த சதை ஃபார்மலின் திரவமுள்ள சிறு பாட்டிலுக்குள் போகும். பல இடங்களில் அந்தப் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்தே ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். கை நடுங்கும்; பரவாயில்லை. மூன்றை மட்டும் சரிபாருங்கள்: பெயரும் வயதும் சரியா, எந்தக் காலில் எந்த இடம் என்று எழுதியிருக்கிறதா, மூடி இறுக்கமாக இருக்கிறதா. திரவத்தைக் கொட்டவோ தண்ணீர் சேர்க்கவோ கூடாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது தொலைந்தால் ரிப்போர்ட் வாங்க அலைச்சல்.

முகத்தில் தையல் ஒரு வாரத்துக்குள் பிரிப்பார்கள். காலில் இரண்டு வாரம் வரை ஆகும். உள்ளங்காலில் தையல் என்றால், படிக்கட்டும் சரிவுமாக இருக்கும் நம் ஊரில் அதுதான் பெரிய பாடு. லைன் வீட்டிலிருந்து கழிப்பறை தள்ளி இருந்தால் அதற்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள். கட்டு நனையக் கூடாது. குளிருக்குச் சாக்ஸ் போட்டால் உலர்ந்ததாக, தளர்வாக இருக்கட்டும். கொழுந்து பறிக்க எப்போது போகலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி மேஸ்திரியிடம் காட்டினால், "இரண்டு நாளில் வந்துவிடு" என்ற நெருக்கடி குறையும்.

ரிசல்ட் வரும்வரை

கடினமான பகுதி இதுதான். ரிப்போர்ட் வர ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகலாம். சந்தேகம் தீரக் கூடுதல் சாயச் சோதனைகள் செய்தால் இன்னும் தள்ளும். தாமதம் கெட்ட செய்தியின் அடையாளம் அல்ல. கோப்பு நகரவில்லை, மருத்துவர் விடுப்பில் இருக்கிறார் என்ற சாதாரணக் காரணங்கள்தான் அதிகம். எந்தத் தேதிக்குப் பிறகு கேட்கலாம், யாரிடம் கேட்பது என்று சோதனை நாளன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிவரை போன் செய்வதில்லை என்று முடிவெடுங்கள்.

யாரிடம் சொல்வது என்பதை மச்சம் இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் அறியாமல் நீங்கள் நாத்தனாரிடம் சொல்ல, நாத்தனார் ஹட்டி (படுகர் ஊர்) முழுக்கச் சொல்ல, தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் அவரைப் பார்த்துக் கண்கலங்கினால் அவர் மனம் என்ன ஆகும்! ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், பதறாத, ரகசியம் காக்கிற ஒருவர். உங்கள் அழுகையை அவரிடம் அழுங்கள். நோயாளிக்கு முன்னால் ஒருபோதும் அழக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் உங்களைத் தேற்றும் வேலை அவருக்கு வந்துவிடக் கூடாது.

இரவில் இணையத்தில் தேடாதீர்கள். தேடினால் முற்றிய நோயின் படங்கள்தான் முதலில் வரும். கவலையை நாள் முழுக்க அடக்கவும் முயலாதீர்கள்; முடியாது. மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, மனதில் ஓடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எது என்று அடிக்கோடிடுங்கள். நான் எழுதிய பக்கங்களில் முக்கால்வாசி வெறும் பயம்தான், ஆனால் "தோட்டத்துக்கு வெறுங்காலோடு போகலாமா?" போன்ற உருப்படியான கேள்விகளும் அதில்தான் கிடைத்தன. நடுராத்திரியில் விழித்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் குடித்து, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுங்கள். சில நிமிடங்களில் படபடப்பு குறையும்.

தொடர்ந்து சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை, வேலையில் கை ஓடவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். அந்த எண் நோயாளிக்கு மட்டுமல்ல; உங்களுக்கும்தான். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்ப் பேசுங்கள். வீட்டில் யாரும் கேட்காத இடமாகவும் அது இருக்கும்.

முக்கியமாக, அவரை நோயாளியாக நடத்தத் தொடங்காதீர்கள். காலில் தையல் இருக்கும்வரை ஓய்வு கொடுங்கள், சரி. ஆனால் அவரைக் கேட்காமல் வீட்டில் எதையும் முடிவு செய்வது, குசுகுசுவென்று பேசுவது, திடீரென்று அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் போடுவது – இவை சொல்லாமல் சொல்லிவிடும்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது

உறையைப் பிரித்துப் பஸ்ஸில் படிக்க வேண்டாம். அதிலிருக்கும் சொற்கள் மருத்துவருக்காக எழுதப்பட்டவை. நெவஸ் என்றிருந்தால் சாதாரண மச்சம். பினைன் என்றால் கெடுதல் இல்லாதது. டிஸ்பிளாஸ்டிக் என்றால் இயல்பிலிருந்து சற்று மாறியது. புற்றுநோய் அல்ல, ஆனால் மருத்துவர் விளக்கம் தேவை. மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது என்ன? முழுதும் எடுத்தாகிவிட்டதா? மறுபடி எடுக்க வேண்டுமா? அடுத்து எப்போது வர வேண்டும்?

மெலனோமா என்றே வந்தால், அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்று கேளுங்கள்; சிகிச்சை பெரும்பாலும் அதை வைத்துத்தான் தீர்மானமாகும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை பெரும்பாலும் சுற்றிலும் கொஞ்சம் தோலைச் சேர்த்து எடுப்பதோடு குணமாகிவிடும். இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் எடுத்த சதையைப் பதித்துவைத்திருக்கும் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கலாம். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் அவற்றை மீண்டும் பார்ப்பார்கள். மெலனோமா என்று உறுதியானால் நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை தோலைக் காட்டிக்கொள்வது நல்லது.

என் மாமியாருக்குச் சாதாரண மச்சம் என்றுதான் வந்தது. ஆனாலும் மருத்துவர் சொன்னபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முற்பகல் வெளிச்சத்தில், அவருடைய இரண்டு உள்ளங்கால்களையும் கழுவிப் பார்க்கிறோம். ரிப்போர்ட்டின் நகல் ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே இருக்கிறது.